செவ்வாய் இரவு 11 முதல் 3 வரை

எங்கள் பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரோஅக்கூஸ்டிக் இசை ஸ்டூடியோ வாசலில் ஒரு நீள நோட்டு கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். யாருக்கு எந்த நேரம் என்பதை அதில்தான் எழுத வேண்டும். பகலை ஆசிரியர்கள் எடுத்துக்கொள்வார்கள், மாலையை முனைவர் பட்ட மாணவர்கள். கடைசியாகச் சேர்ந்த எனக்கு மிஞ்சியது செவ்வாய்க்கிழமை இரவு 11 முதல் 3 வரை. இரண்டு வருஷம் அந்த நாலு மணி நேரத்தை நம்பித்தான் என் மிச்ச வாரம் ஓடியது.

அதில் முதல் மூன்று மாதம் நான் செய்த வேலை, ஓர் இரும்பு அலமாரியின் கதவைத் திறந்து மூடியது. பழைய ஒலிநாடாக்கள் அடுக்கிவைத்திருந்த அலமாரி. மெதுவாகத் திறந்தால் கீழே ஒரு முனகல் எழுந்து, பாதி வழியில் இரண்டாகப் பிளந்து, கடைசியில் ஊசி முனை மாதிரி ஒரு கீச்சொலியில் முடியும். வேகமாகத் திறந்தால் இதில் ஒன்றும் கிடைக்காது. மைக்கை எங்கே வைப்பது, எவ்வளவு மெதுவாக இழுப்பது என்று பழகவே வாரக்கணக்கில் ஆயிற்று. வீட்டுக்குப் பேசும்போது "இன்னைக்கு என்ன பாட்டு வாசிச்சே?" என்று அம்மா கேட்பார். கதவு வாசித்தேன் என்று எப்படிச் சொல்ல?

எலக்ட்ரோஅக்கூஸ்டிக் இசை என்ற பெயரே வாயில் நுழையாது. விஷயம் எளிது. பதிவுசெய்த ஒலியையோ மின்சுற்றில் பிறந்த ஒலியையோ எடுத்து, வெட்டி, நீட்டி, தலைகீழாக ஓட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடைசியில் ஸ்பீக்கர் வழியாகவே உயிர்பெற வைக்கிற இசை. பல சமயம் மேடையில் ஆளே இருக்க மாட்டார். பித்தாகரஸ் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் நடத்தினாராம், மாணவர்கள் குரலை மட்டும் கேட்டார்களாம். அந்தக் கதையை வைத்துத்தான் இந்த இசையின் ஒரு கிளைக்கு 'அக்கூஸ்மாட்டிக்' என்று பெயர் வந்தது. ஒலி எதிலிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோது காது வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்கும். இதை நம்பித்தான் ஒரு கூட்டமே எழுபது, எண்பது வருஷமாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் இது வானொலி நிலையங்களின் விளையாட்டு. 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில் சத்தங்களை வைத்து ஒரு சிறு படைப்பைச் செய்தார். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொலோன் வானொலி தனக்கென்று ஒரு ஸ்டூடியோ அமைத்தது. விலை உயர்ந்த கருவிகள் அவர்களிடம்தான் இருந்தன. பல்கலைக்கழகங்களுக்குள் இது நுழைந்தது பின்வாசல் வழியாக. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் கச்சேரிகளைப் பதிவுசெய்ய ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கியது. அதன் பொறுப்பு விளாடிமிர் உசாசெவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் வந்தது. கச்சேரி இல்லாத நேரத்தில் மனிதர் பியானோவைப் பதிவுசெய்து பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். பியானோவுக்கு இல்லாத ஆழத்தில் ஒரு மணி அடித்தது. பீட்டர் மௌஸி என்ற பொறியியல் மாணவர், வெளியே போகும் ஒலியை மறுபடி உள்ளே திருப்பிவிட்டு எதிரொலி உண்டாக்கும் ஒரு சிறு கருவியைச் செய்து கொடுத்தார். 1952 மே மாதம் இந்தச் சோதனைகளை மேடையில் போட்டுக் காட்டினார் உசாசெவ்ஸ்கி. சக ஆசிரியரும் புல்லாங்குழல் கலைஞருமான ஓட்டோ லூனிங் அதன்பின் கூட்டுச் சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இருவரின் படைப்புகளும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒலித்தன.

அந்தக் காலத்தில் இவர்களுக்கு ஸ்டூடியோ என்று ஓர் இடமே கிடையாது. கருவிகள் ஒரு வீட்டின் வரவேற்பறையிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1959இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1,75,000 டாலர் கொடுத்த பிறகுதான் கொலம்பியாவும் பிரின்ஸ்டனும் சேர்ந்து நடத்தும் மின்னணு இசை மையம் பிறந்தது. பின்னாளில் அது குடியிருந்த கட்டடம் ஒரு காலத்தில் பால் புட்டியில் அடைக்கும் ஆலை.

இங்கே மௌஸியைப் பற்றி நிறுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் பெயரைக் கச்சேரி நிகழ்ச்சித் தாளில் தேடினால் சிறிய எழுத்தில் இருக்கும், இல்லாமலும் போகும். எனக்கு இது உறுத்துவதற்குக் காரணம் எங்கள் ஸ்டூடியோவின் தொழில்நுட்பர். எல்லாரும் அவரை ஏதோ ஒரு சுருக்கப் பெயரில் கூப்பிடுவார்கள். அதை வைத்து நாடு, மொழி எதையும் ஊகிக்க முடியாது. ஒருநாள் சால்டரிங் கம்பி கையைச் சுட்டுவிட்டது. அந்த நொடியில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை சுத்தத் தமிழ். அச்சில் ஏற்ற முடியாத தமிழ். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தம்பி.

அண்ணன் ஒரு சுரம்கூட எழுதியதில்லை. ஆனால் அந்த ஸ்டூடியோவில் உருவான எந்தப் படைப்பிலும் அவர் கை இருக்கும். ஒருவர் வந்து, "இந்த ஒலி தண்ணிக்குள்ள மூழ்கற மாதிரி வேணும்" என்பார். இவர் ஒன்றும் பேசாமல் இரண்டு வயரைக் கழற்றி இடம் மாற்றுவார். மூழ்கும். அப்புறம் விமர்சகர்கள் அந்த மூழ்கலைப் பற்றி இரண்டு பத்தி எழுதுவார்கள்.

கனடாவில் ஹியூ லு கெய்ன் என்று ஓர் இயற்பியலாளர் இருந்தார். ஓட்டாவாவில் அரசு ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை. மாலை நேரத்துப் பித்து, இசைக் கருவிகள் செய்வது. சின்தசைசர் என்று நாம் இன்று சொல்வதன் வேலைமுறை, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி ஒலியை ஆள்வது, 1940களின் பிற்பாதியில் அவர் செய்த 'எலக்ட்ரானிக் சாக்பட்' கருவியிலேயே இருந்தது. டொரோன்டோ பல்கலைக்கழகம் 1959இல் ஸ்டூடியோ திறந்தபோதும், மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகம் 1964இல் திறந்தபோதும் இவருடைய கருவிகள்தான் உள்ளே போயின. அவற்றில் பல உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒலிநாடா ஓடும் வேகம் மாறும், வேகம் மாறினால் சுருதி மாறும். ஒரே ஒலியைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு அதிலேயே ராகம் வாசிக்கலாம்.

1955இல் அவர் அப்படித்தான் ஒரு நீர்த்துளியை வாசித்தார். துளி ஒன்றே ஒன்று, சொட்டென்று விழும் சத்தம். அதை வேகம் மாற்றி மாற்றிப் பதிவுசெய்து, சொட்டு மெல்லக் கூடி, தூறலாகி, அடைமழையாகி, மறுபடி ஒற்றைத் துளியாக வடிந்து நிற்கும். 'ட்ரிப்ஸோடி' என்று பெயர். ஒன்றரை நிமிஷம்கூட ஓடாது. நாங்கள் சேர்ந்த முதல் வாரம் இதைப் போட்டுக் காட்டிவிட்டு ஆசிரியர் கேட்டார்: "இதில் எத்தனை துளி?" நாங்கள் நூறு, ஆயிரம் என்றோம். ஒன்று என்று தெரிந்தபோது வகுப்பில் ஒரு நிமிஷம் பேச்சில்லை. நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டதற்கு அந்தத் துளிதான் காரணம். லு கெய்ன் தன்னை இசையமைப்பாளர் என்று பெரிதாகச் சொல்லிக்கொண்டவர் அல்லர். அந்தத் தலைமுறையின் பெரிய இசையமைப்பாளர்கள் பலரின் இருபது நிமிஷப் படைப்புகளைவிட எனக்கு இந்த ஒன்றரை நிமிஷம் மேல்.

ஒலிநாடாவில் வேலை செய்ததை இப்போது விளக்கினால் புராணக் கதை மாதிரி இருக்கும். நல்ல தரத்துக்கு நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பத்து நிமிஷப் படைப்பு என்றால் கிட்டத்தட்ட 230 மீட்டர் நாடா. எங்கே வெட்டுவது என்று கையால் ரீலை முன்னும் பின்னும் உருட்டிக் காதால் கண்டுபிடித்து, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். நேராக வெட்டினால் 'டொக்' என்று கேட்கும். எங்கள் காலத்தில் எல்லாமே கணினி. ஆனாலும் அண்ணன் விடவில்லை. "ஒரு தடவையாவது கையால வெட்டு தம்பி, காலம்னா எவ்வளவு நீளம்னு தெரியும்" என்று ஒரு பழைய மெஷினைத் தூசி தட்டிக் கொடுத்தார். ஒரு வினாடி என்பது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவு இன்னும் என் கையில் இருக்கிறது.

வெட்டுவதே பிடிக்காமல் போனவர்களும் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1966 கோடையில் டொரோன்டோ ஸ்டூடியோவில் வந்து உட்கார்ந்தார். மின்சாரத்தால் ஒலியலை எழுப்பும் பன்னிரண்டு அலைவியற்றிகளில் பதினொன்றை மனிதக் காதுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றி வைத்தார். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நமக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் 25,000, 25,300 என்று இரண்டு அலைகள் ஒரே மின்சுற்றில் மோதினால் இடைவெளியான 300 அங்கே புதிதாகப் பிறக்கும், அது கேட்கும். அவர் அந்த இடைவெளிகளைத்தான் வாசித்தார். இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே நாடாவை நீளமாக ஓடவிட்டுத் தாமத எதிரொலியும் சேர்த்தார். 'ஒன் ஆஃப் ஃபோர்' (I of IV) என்ற அந்தப் படைப்பு வெட்டு ஒட்டு எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் நிகழ்ந்தது. மின்சுற்றின் குறை என்று பொறியாளர்கள் ஒதுக்கித் தள்ளும் ஒன்று அவருக்கு வாத்தியம் ஆயிற்று.

கொலம்பியாவுக்குத் திரும்புகிறேன். அங்கே அறையை அடைத்துக்கொண்டு நின்றது ஆர்சிஏ கம்பெனியின் மார்க் II சின்தசைசர். ஹாரி ஓல்சன், ஹெர்பர்ட் பெலார் என்ற இரு பொறியாளர்கள் வடிவமைத்தது. சுவர் நீளத்துக்கு வால்வுகள் நிறைந்த அலமாரிகள். இதற்கு இசையை எழுதிக் கொடுப்பது காகிதச் சுருளில் துளை போட்டு. சுருதி, பலம், நாதம், நீளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துளைகள். ஒரு நிமிஷ இசைக்கு வாரக்கணக்கில் துளை. இசையமைப்பாளர் மில்டன் பாபிட் இதில் சளைக்காமல் உட்கார்ந்தார். எந்த மனிதக் கையாலும் வாசிக்க முடியாத தாளக் கணக்குகளை இம்மி பிசகாமல் வாசிக்கும் இயந்திரம் அவருக்குத் தேவைப்பட்டது. உண்மையைச் சொன்னால், அவருடைய வெறும் சின்தசைசர் படைப்புகளை நான் மரியாதைக்காகக் கேட்டேன். ஆனால் 1964இல் செய்த 'ஃபிலோமெல்' வேறு ரகம். நாக்கு அறுக்கப்பட்டு, பிறகு பறவையாகிப் பாடும் ஒரு கிரேக்கப் பெண்ணின் கதை. மேடையில் நிற்கும் பாடகியின் குரல், ஒலிநாடாவில் அவருடைய குரலே சிதைந்தும் கலைந்தும் வருவது, இயந்திரத்தின் ஒலி மூன்றும் பின்னிக்கொள்ளும். குரல் இழந்தவளுக்குக் குரல் தருவது ஓர் இயந்திரம். அறிவாளியின் கணக்கு என்று நான் ஒதுக்கிவைத்திருந்தவரிடம் தொண்டை அடைக்கிற மாதிரி ஒன்று இருந்தது எனக்கு அடி.

அந்த மையத்துக்கு வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் உலக வரைபடம் விரியும். துருக்கியிலிருந்து பூலெண்ட் அரெல், அர்ஜென்டினாவிலிருந்து மாரியோ டேவிடோவ்ஸ்கி, எகிப்திலிருந்து ஹலீம் எல்தாப். இந்த எல்தாப் 1944இலேயே கெய்ரோவில் ஒரு கம்பிப் பதிவுக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போய், பேய் ஓட்டும் 'ஜார்' சடங்கில் பெண்கள் பாடுவதைப் பதிவுசெய்து, அதை வானொலி நிலையத்தில் எதிரொலியில் கரைத்து ஒரு படைப்பாக்கியவர். பாரிஸ் ரயிலுக்கு நான்கு ஆண்டு முன்னால். இந்த இசையின் சரித்திரத்தை 1948 பாரிஸில் தொடங்குகிறவர்கள் கெய்ரோவை அடிக்குறிப்பில் போட்டுவிடுகிறார்கள். ஆலிஸ் ஷீல்ட்ஸ், பிரில் ஸ்மைலி என்ற இரு பெண்கள் 1960களிலிருந்து அங்கே இசையும் அமைத்தார்கள், பாடமும் எடுத்தார்கள், கருவிகளையும் கவனித்துக்கொண்டார்கள். சார்ல்ஸ் வூரினென் அங்கே செய்த படைப்புக்கு 1970இலும், டேவிடோவ்ஸ்கி பியானோவையும் ஒலிநாடாவையும் பேசவிட்ட படைப்புக்கு 1971இலும் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் என் அக்கா மகன் வருகிறான். பதினெட்டு வயசு. லேப்டாப்பில் தினம் ஒரு பாட்டு செய்கிறான். போன மாதம் என்னிடம் கேட்டான்: "மாமா, இதுலயே எல்லாம் இருக்கே. நீங்க எதுக்கு ராத்திரி மூணு மணி வரைக்கும் ஒரு ரூம்ல போய் உக்காந்தீங்க?" நியாயமான கேள்வி. அவன் திரையில் நாலு குமிழ்கள் இருந்தன: ஏ, டி, எஸ், ஆர். ஒலி எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும், எவ்வளவு தணிய வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று தீர்மானிப்பவை. "இது எங்கிருந்து வந்துச்சு தெரியுமா?" என்றேன். 1960களின் நடுவில் உசாசெவ்ஸ்கி, ராபர்ட் மூக் என்ற இளம் பொறியாளரிடம் தன் ஸ்டூடியோவுக்குச் சில பெட்டிகள் செய்யச் சொன்னார். ஒலியின் எழுச்சியை இந்த நாலு கட்டமாகப் பிரித்துக் கேட்டவர் அவர்தான். அந்தப் பால் ஆலையின் தேவை இன்று உலகத்தில் உள்ள கிட்டத்தட்ட எல்லா இசை மென்பொருளிலும் நாலு குமிழாக உட்கார்ந்திருக்கிறது. பையன் ஒரு நொடி குமிழைப் பார்த்துவிட்டு, "சரி, அதான் வந்துடுச்சே" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

இன்னொன்றும் சொன்னேன். 1967இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கணினியில் ஒரு சுரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வினாடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும் ஆட்டினால் பாடகர் குரலை அசைப்பது மாதிரி கேட்கும். அவர் ஆட்டத்தை வேகப்படுத்திக்கொண்டே போனார். வினாடிக்கு இருபது, முப்பதைத் தாண்டியதும் அசைவு காணாமல் போனது. காதால் அதைப் பின்தொடர முடியவில்லை, அதற்குப் பதில் ஒலியின் நிறமே மாறிவிட்டது. வெறும் இரண்டு அலைகளை வைத்துக்கொண்டு மணி, பித்தளை வாத்தியம், மரக்கட்டை எல்லாம் வந்தன. அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளுக்கு இது புரியவில்லை, ஜப்பானின் யமஹாவுக்குப் புரிந்தது. 1977இல் காப்புரிமை, 1983இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டு. எண்பதுகளின் பாட்டுகளில் கண்ணாடி மாதிரி மினுங்கும் அந்த மின்பியானோ ஒலி அதுதான். இதற்கு நடுவில் சௌனிங்குக்கு நிரந்தரப் பணி கிடைக்காமல் போய், பிறகு அதே பல்கலைக்கழகம் திரும்ப அழைத்துக்கொண்ட கூத்தும் நடந்தது. அவரோ காப்புரிமைக்காக அந்த வேலையைத் தொடங்கவில்லை. நாலு ஸ்பீக்கர் நடுவே ஒலி பூச்சி மாதிரி பறக்கும் 'டுரேனாஸ்' என்ற படைப்பை 1972இல் செய்தார். 1.618 என்ற பொன் விகிதத்தில் சுருதிகளை எல்லாம் கட்டி 1977இல் 'ஸ்ட்ரியா' செய்தார். 'ஸ்ட்ரியா'வை இருட்டில் கேட்டுப் பாருங்கள். அது பழகிய எந்தச் சுர வரிசைக்கும் கட்டுப்படாது, ஆனாலும் சுருதி சேராமல் கேட்கவே கேட்காது.

அகமதாபாத்தையும் சொல்லாமல் விட முடியாது. அங்கே இருப்பது பல்கலைக்கழகம் இல்லை, தேசிய வடிவமைப்புக் கழகம். 1969இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அங்கே ஒரு மூக் சின்தசைசரையும் டேப் மெஷின்களையும் நிறுவினார். அதற்கு ஆதரவாக இருந்தவர் கீதா சாராபாய், பக்கவாஜ் என்ற மத்தளம் வாசித்தவர், 1946இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். அவரும் ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் 1972 வரை அங்கே ஒலிகளைத் துருவினார்கள். அப்புறம் மௌனம். நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. 2023இல்தான் அவை தொகுப்பாக வெளிவந்தன. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இரண்டு வருஷம் கனடா, பிரான்ஸ், ஜெர்மனி என்று மனப்பாடம் செய்தேனே, இவர்கள் பெயரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

மருமகன் கேட்ட கேள்விக்கு நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. கருவிகளின் சரித்திரத்தைச் சொன்னேன், அது பதில் ஆகாது. கருவிகள் எல்லாம் அவன் மடிக்கு வந்துவிட்டன என்பதுதான் உண்மை. மடிக்கு வராதது ஒன்று இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் எங்களுக்குக் கேட்புக் கூட்டம். ஒருவர் தன் படைப்பைப் போடுவார், மற்றவர்கள் விளக்கணைத்துக் கேட்க வேண்டும். முன்னுரை கிடையாது. மூன்றாவது மாதக் கடைசியில் என் முறை வந்தது. ஏழு நிமிஷம். அலமாரிக் கதவை முப்பது மடங்கு நீட்டியிருந்தேன், தூளாக உடைத்து மேகம் மாதிரி பரப்பியிருந்தேன், மேலே எதிரொலி பூசியிருந்தேன். ஹெட்போனில் நடுராத்திரி கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த அறையில், எட்டுப் பேருக்கு நடுவில், மூன்றாவது நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். அந்த நகர்வில் என் ஏழு நிமிஷம் தேவைக்குமேல் நாலு நிமிஷம் நீளம் என்பது தெரிந்தது. தனியாக இருபது தடவை கேட்டபோது தெரியாத நீளம் அது. பக்கத்தில் இன்னொருவர் மூச்சுவிடும்போது நம் காது மாறிவிடுகிறது. இதை நான் வேறு எங்கும் கற்கவில்லை.

விளக்குப் போட்டார்கள். ஆசிரியர் நல்ல விதமாக இரண்டு வார்த்தை சொன்னார். எல்லாரும் போன பிறகு ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அண்ணன், நிமிராமலே கேட்டார்: "கதவு எங்கடா தம்பி போச்சு?"

ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி. நீட்டி, உடைத்து, பூசியதில் எனக்கு முதலில் பிடித்திருந்த அந்தப் பிளவு, முனகல் இரண்டாகும் இடம், முற்றிலும் தொலைந்திருந்தது. எந்தச் சத்தத்தைப் போட்டாலும் அதே மேகம்தான் வந்திருக்கும். அடுத்த செவ்வாய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பதிவிலிருந்து தொடங்கினேன்.

ஜான்டி ஹாரிசன் என்ற பிரிட்டிஷ் இசையமைப்பாளர் 1982இல் 'கிளாங்' என்று ஒரு படைப்பு செய்தார். மூலம், இரண்டு மண் சமையல் பாத்திரங்களும் அவற்றின் மூடிகளும். மூடி உரசுவதும் தட்டுவதும் சுழல்வதும் எங்கெங்கோ போகும், ஆனால் பாத்திரம் கையை விட்டுப் போகவே போகாது. அதே 1982இல் அவர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 'பீஸ்ட்' என்ற ஒலி அரங்கத்தைத் தொடங்கினார். படைப்பு இரண்டே தடத்தில் இருக்கும். அதைப் பத்து, முப்பது, பின்னாளில் நூறுக்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்களுக்கு ஒருவர் அரங்கின் நடுவில் உட்கார்ந்து பகிர்வார். கூரையிலிருந்து கொத்தாகத் தொங்கும் சிறு ஸ்பீக்கர்களுக்குக் கீச்சொலியை அனுப்புவார், தரையிலிருப்பவற்றுக்கு உறுமலை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஃபேடரை விரலால் நகர்த்தினால் ஒலி பின் சுவருக்குப் போகும். அன்று வந்திருக்கும் கூட்டம், அரங்கின் சுவர், கேட்பவர்களின் அமைதி எல்லாம் அந்த விரலை மாற்றும். ஒலிநாடா மாறாதது, கச்சேரி மாறும். இதை லேப்டாப்பில் எப்படி அடைப்பது?

என் கதவு கடைசியில் நாலு நிமிஷம் பத்து வினாடி ஆயிற்று. வருஷக் கடைசிக் கச்சேரியில் பதினாறு ஸ்பீக்கர்களில் நானே ஓட்டினேன். முனகல் பிளக்கும் இடத்தில் ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் பிரித்து அனுப்ப வேண்டும், ஒத்திகையில் பத்துத் தடவை செய்திருந்தேன். மேடையில் விரல் நடுங்கி இரண்டும் வலப்பக்கமே போயின. யாருக்கும் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தது.

அந்தப் படைப்பை இப்போது திறக்க முடியவில்லை என்பது கொசுறு. நான் பயன்படுத்திய மென்பொருளை நிறுத்திவிட்டார்கள். அடுக்கு அடுக்காக அமைத்த கோப்பு இருக்கிறது, அதைப் படிக்கும் இயந்திரம்தான் இல்லை. கலவையாகப் பதிந்த இரண்டு தடம் மட்டும் மிஞ்சியது. எழுபது, எண்பதுகளின் சில ஒலிநாடாக்கள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அவற்றை 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் பல மணி நேரம் பதமாகச் சூடாக்கினால் சில வாரங்களுக்கு ஓடும், அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். அண்ணன் அந்த அலமாரியிலிருந்த நாடாக்களை ஒவ்வொன்றாக அப்படித்தான் காப்பாற்றினார். என் கோப்பைச் சூடாக்க வழியில்லை. 1955ஆம் ஆண்டின் ஒரு துளி தண்ணீர் இன்னும் சொட்டுகிறது, என் கதவு இறுகிவிட்டது.

படிப்பு முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று நோட்டை ஒருதரம் புரட்டினேன். வரப்போகிற வாரத்துச் செவ்வாய்க்கு நேரே வேறு யாரோ ஒரு புது மாணவியின் பெயர் எழுதியிருந்தது. அதற்கு மேலே, போன வாரத்து என் கட்டத்தில், அண்ணனுடைய சாய்ந்த கையெழுத்தில் தமிழில் ஒரு வரி: "பராமரிப்பு ஆள் அலமாரிக்கு எண்ணெய் போட வந்தான். விடவில்லை."